குளியலறையில் வாட்டர் ஹீட்டர் மாற்றும்போது



தோட்டத்து லயங்களில் வெந்நீர் வேண்டுமென்றால் விறகடுப்பில் பானையை ஏற்றிய காலம் ஒன்று இருந்தது. இன்று நம் பிள்ளைகளில் பலர் பினாங்கில் வேலை பார்க்கிறார்கள். ஜார்ஜ் டவுனில் பழைய கடைவீட்டு மாடியிலோ அடுக்குமாடியிலோ வாடகைக்கு இருக்கிறார்கள். நாமும் போய் நாலு நாள் தங்குகிறோம். அங்கே குளியலறைச் சுவரில் வாட்டர் ஹீட்டர் இருக்கிறது. அது கெட்டுப்போனால் கடையில் புதுசு வாங்கி, தெரிந்த பையன் ஒருவனைக் கூப்பிட்டு, அதே வயரில் மாட்டிவிடுகிறோம். தண்ணீர் சுடுகிறது, வேலை முடிந்தது என்று நினைக்கிறோம்.

வேலை முடியவில்லை. ஹீட்டர் புதுசு, சுவருக்குள் ஓடும் வயர் எத்தனை வருசத்துப் பழசு என்று யாருக்குத் தெரியும்? குளிக்கிறவர் உயிரைக் காப்பாற்றுவது ஹீட்டரின் பளபளப்பு அல்ல. சரியான வயர், எர்த், கசிவு சுவிட்சு ஆகிய மூன்றும்தான்.

உடம்புக்குள் என்ன நடக்கிறது?

மின்சாரத்தை ஆம்பியரில் அளக்கிறார்கள். ஒரு ஆம்பியரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் 1 மில்லிஆம்பியர். அந்த அளவு உடம்பில் ஓடினாலே சுருசுருவென்று தெரியும். சுமார் 10 மில்லிஆம்பியரைத் தாண்டினால் கைத் தசை இறுகிவிடும். பிடித்த பொருளை விட முடியாது. 30 அளவில் மூச்சு விடும் தசைகள் இறுகலாம். 50, 100 என்று போனால் இருதயம் ஒழுங்காகத் துடிக்காமல் நடுங்க ஆரம்பிக்கும். அப்போது ரத்த ஓட்டம் நின்றுபோகும்.

காய்ந்த தோல் மின்சாரத்தை ஓரளவு தடுக்கும். குளிக்கும்போது உடம்பெல்லாம் ஈரம், காலோ வெறும் தரையில். அந்த நேரத்தில் உடம்பின் தடை சுமார் 1,000 ஓம் வரை இறங்கிவிடலாம். வீட்டு மின்சாரம் 230 வோல்ட். கணக்குப் போட்டால் 230 மில்லிஆம்பியர் உடம்பில் பாயும். அதனால்தான் சமையலறையில் "லேசா ஷாக் அடிச்சுது" என்று உதறிவிட்டுப் போகிற அதே மின்சாரம் குளியலறையில் ஆளைக் கொல்கிறது.

"ஃபியூஸ் இருக்கே, பயமென்ன?" என்று சிலர் கேட்பார்கள். 20 ஆம்பியர் ஃபியூஸ் என்றால் 20,000 மில்லிஆம்பியர். மனிதர் சாவதற்கு அதில் இருநூறில் ஒரு பங்கு போதும். ஃபியூஸ் வயர் எரியாமல் காப்பதற்கு வைத்தது. மனிதரைக் காப்பதற்கு அல்ல.

மனிதரைக் காப்பது எது?

ஹீட்டருக்குள் தண்ணீரைச் சுடவைக்கும் கம்பி ஓர் உலோகக் குழாய்க்குள் இருக்கிறது. நாளாக ஆக அந்தக் குழாய் அரித்து வெடிப்பு விட்டால் மின்சாரம் தண்ணீரில் கலக்கும். எர்த் வயர் நன்றாக இருந்தால் கசிந்த மின்சாரம் அதன் வழியே மண்ணுக்குப் போகும். எர்த் இல்லையென்றால் குளிக்கிறவர் உடம்புதான் அதற்கு வழி.

கசிவு சுவிட்சு (இ.எல்.சி.பி., ஆர்.சி.டி. என்றும் சொல்வார்கள்) வேறு விதமான காவல்காரன். உள்ளே போகிற மின்சாரமும் திரும்பி வருகிற மின்சாரமும் சமமா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். கணக்கு குறைந்தால் கண் இமைக்கும் நேரத்தில் துண்டித்துவிடும். மலேசியாவின் 1994-ஆம் ஆண்டு மின்சார விதிமுறைகளின்படி, தரை ஈரமாகக்கூடிய இடத்துக்கு 10 மில்லிஆம்பியருக்கு மேற்படாத கசிவு சுவிட்சு வேண்டும். மெயின் பெட்டியில் 100 மில்லிஆம்பியர் சுவிட்சு ஒன்று மட்டும் இருந்தால் குளியலறைக்கு அது போதாது. ஹீட்டருக்குள்ளேயே கசிவு சுவிட்சு இருந்தாலும், அதற்கு முன்னால் வரும் வயரை அது காக்காது.

மாற்றுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

1. ஹீட்டரின் வாட் அளவைப் படியுங்கள். நம் நாட்டில் விற்பவை பெரும்பாலும் 3,600 வாட்டை ஒட்டியவை. அதாவது சுமார் 16 ஆம்பியர். 13 ஆம்பியர் பிளக்கில் 3,000 வாட்டுக்கு மேல் தாங்காது. ஆகவே ஹீட்டரைப் பிளக்கில் மாட்டவே கூடாது.

2. மெயின் பெட்டியிலிருந்து ஹீட்டருக்கென்று தனி வயர் வர வேண்டும். நடுவில் ஒட்டு இருக்கக் கூடாது. இந்த அளவு ஹீட்டருக்கு 2.5 சதுர மில்லிமீட்டருக்குக் குறையாத செப்பு வயரும் 20 ஆம்பியர் பிரேக்கரும் வேண்டும். தூரம் அதிகமானால் 4 சதுர மில்லிமீட்டர். விளக்குக்குப் போட்ட 1.5 வயரில் மாட்டினால் சுவருக்குள்ளேயே சூடேறி உறை உருகும்.

3. எர்த் வயர் மெயின் எர்த் வரைக்கும் போகிறதா என்று கருவி வைத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். தண்ணீர்க் குழாயில் எர்த் கட்டுவது அந்தக் காலத்து வழக்கம். இப்போது குழாய் பிளாஸ்டிக். அதில் கட்டி என்ன பயன்?

4. சுவிட்சு குளியலறைக்கு வெளியே இருக்கட்டும். இரண்டு வயரையும் ஒன்றாகத் துண்டிக்கும் 20 ஆம்பியர் சுவிட்சு, சிறு விளக்கு உள்ளது, போடுங்கள்.

5. சிரிம் முத்திரை இல்லாத ஹீட்டரை மலிவு என்று வாங்காதீர்கள். இங்கிலாந்தில் இருக்கும் சொந்தக்காரர் கொண்டுவந்து கொடுத்தாலும் மாட்ட வேண்டாம். அங்கே குளிர் அதிகம். 7,500 முதல் 10,500 வாட் வரை இழுக்கும் ஹீட்டர்கள் உண்டு. நம் வீட்டு வயர் அதைத் தாங்காது.

6. எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற வயர்மேனைக் கூப்பிடுங்கள். அத்தாட்சியைக் கேட்டுப் பார்ப்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. வாடகை வீடென்றால் வீட்டுக்காரரிடம் சொல்லிச் செய்யுங்கள்.

இடி இடித்தால் சுவிட்சு விழுகிறதே?

பினாங்கில் இடிமழைக்குப் பஞ்சமில்லை. இடி விழும்போது கசிவு சுவிட்சும் சில நேரம் விழும். அந்தத் தொந்தரவு வேண்டாம் என்று அதை விட்டுவிட்டு வயரை நேராக இணைக்கிறவர்கள் உண்டு. நாய் குரைக்கிறது என்று நாயை விரட்டிவிட்டால் திருடனுக்குத்தான் கொண்டாட்டம். அடிக்கடி விழுந்தால் வயர்மேனைக் கூப்பிட்டுக் காரணம் பாருங்கள். இடிக்கும் நேரத்தில் குளிக்காமல் இருப்பது நல்லது.

குழாயைத் தொட்டால் சுருக்கென்று இருந்தாலோ, சுவிட்சு சூடானாலோ, கருகிய வாடை வந்தாலோ, ஹீட்டரைப் போட்டதும் விளக்கு மங்கினாலோ அன்றே நிறுத்திவிடுங்கள். "இன்னைக்கு ஒரு நாள் குளிச்சுக்கிறேன்" என்ற பேச்சு வேண்டாம்.

ஷாக் அடித்துவிட்டால்

முதலில் மெயின் சுவிட்சை அணையுங்கள். அதற்குமுன் அவரைத் தொடாதீர்கள். தொட்டால் இரண்டு பேர் விழுவீர்கள். 999-ஐக் கூப்பிடச் சொல்லுங்கள். பேச்சு மூச்சில்லை என்றால் மல்லாக்கப் படுக்கவைத்து, நெஞ்சின் நடுவில் இரண்டு கையையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்து, 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்துங்கள். உதவி வரும்வரை நிறுத்தாதீர்கள். தீப்பட்ட இடத்தில் 20 நிமிடம் குழாய்த் தண்ணீர் ஓடட்டும். பற்பசை, கிச்சாப் எதுவும் தடவ வேண்டாம்.

எழுந்து நடந்துவிட்டாலும் மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். தோலில் சின்னப் புள்ளிதான் தெரியும். உள்ளே தசை வெந்திருக்கலாம், இருதயத் துடிப்பு தடுமாறியிருக்கலாம்.

கசிவு சுவிட்சில் 'டெஸ்ட்' என்று ஒரு பொத்தான் இருக்கும். மாதம் ஒரு தடவை அழுத்துங்கள். உடனே விழ வேண்டும். விழவில்லை என்றால், சரிசெய்யும் வரைக்கும் அந்த வீட்டில் யாரும் ஹீட்டரைப் போடாதீர்கள். பினாங்கில் இருக்கும் பிள்ளைகளிடம் இன்று பேசும்போது இதைச் சொல்லி, அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள்.