காங்கிரஸ் அலுவலகத்தில் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு

அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸில், உறுப்பினர்களின் அலுவலகங்களுக்கு வேலைக்கு வரும் இளையவர்களே, வேலையிடத்தில் யாராவது உங்களைத் துன்புறுத்தினால் என்ன செய்வது என்று ஒரு மூத்தவன் சொல்ல வேண்டியவை இவை.

1. கெடுவைத் தவற விடாதீர்கள். தவறு நடந்து 180 நாளுக்குள் காங்கிரஸ் பணியிட உரிமைகள் அலுவலகத்தில் புகாரைப் பதிவு செய்துவிட வேண்டும். ‘இந்தத் தேர்தல் முடியட்டும்’ என்று நல்ல மனசோடு காத்திருந்தால் கெடு போய்விடும். பிரதிநிதிகள் சபைக்கு இரண்டு ஆண்டுக்கு ஒரு தேர்தல் என்பதால், எப்போதும் ஏதோ ஒரு தேர்தல் முன்னே நிற்கும்.

2. அன்றன்றைக்கே எழுதிவையுங்கள். ‘மோசமாகப் பேசினார்’ என்பது போதாது. ‘செவ்வாய் மாலை 6.40, உள்ளறை, கதவு சாத்தியிருந்தது, வரவேற்பில் இன்னார் இருந்தார், அவர் சொன்ன வார்த்தை இது’ என்று இருக்கட்டும். அலுவலகக் கணினியில் வேண்டாம். சொந்த நோட்டில் எழுதி வீட்டில் வையுங்கள்.

3. அலுவலகத் தலைமை அதிகாரி நல்லவராகவே இருக்கலாம். ஆனாலும் அவர் உறுப்பினரின் ஆள். உரிமைகள் அலுவலகத்தில் இரகசிய ஆலோசகராக ஒரு வழக்கறிஞர் இருக்கிறார். முதலில் அவரிடம் பேசுங்கள். சொன்னது வெளியே போகாது, புகார் எழுதவும் உதவுவார். உங்களுக்காக வாதாடுவது மட்டும் அவர் வேலையில்லை. பிரதிநிதிகள் சபை ஊழியர்களுக்கு இலவசமாக வாதாட 2018-இல் தனி அலுவலகமே வந்துவிட்டது.

4. சம்பளமில்லாத இன்டர்னுக்கும் இந்தச் சட்டப் பாதுகாப்பு உண்டு.

5. சமரசத்துக்குக் கூப்பிட்டால் யோசித்துப் போங்கள். முன்பு 1995-ஆம் ஆண்டுச் சட்டப்படி 30 நாள் ஆலோசனை, 30 நாள் சமரசப் பேச்சு, மேலும் 30 நாள் காத்திருப்பு எல்லாம் கட்டாயமாக இருந்தன. துன்புறுத்தியவருக்குக் கீழேயே வேலை பார்த்துக்கொண்டு அத்தனை நாளையும் தள்ள வேண்டியிருந்தது. அது கொடுமை. இழப்பீட்டையும் அரசு கருவூலமே கொடுத்தது. இதை மாற்றச் சொல்லி 2017-இல் முன்னாள் ஊழியர்கள் 1,500 பேருக்கு மேல் கையெழுத்திட்டுக் கடிதம் எழுதினார்கள். மறு ஆண்டு டிசம்பரில் சட்டம் திருத்தப்பட்டது. இப்போது இரு தரப்பும் ஒப்பினால்தான் சமரசம். எதிரே உட்காரப் பிடிக்காவிட்டால் தனி அறை கேளுங்கள். துன்புறுத்திய உறுப்பினர் இழப்பீட்டுப் பணத்தை 90 நாளுக்குள் கருவூலத்துக்குத் திருப்பிக் கட்ட வேண்டும். தவறினால் சம்பளத்தில் பிடிப்பார்கள். பதவி போனாலும் அந்தக் கடன் போகாது.

6. சமரச ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் வக்கீலிடம் காட்டுங்கள். ‘வெளியே பேசக்கூடாது’ என்ற வரி எங்கே இருக்கிறது என்று தேடிப் படியுங்கள். அவசரப்படுத்தினால் எழுந்து வந்துவிடுங்கள்.

7. புகார் கொடுத்ததற்காக வேலையைப் பறித்தாலோ ஒதுக்கிவைத்தாலோ அதுவும் சட்டமீறல். அதற்கும் தனியாகப் புகார் கொடுங்கள்.