உள்ளங்கையில் எழுதிய சொற்கள்

இருவர் பேசிக்கொண்டிருந்தால் அச்சிறுமி அவர்களுக்கு நடுவில் போய் நிற்பாள். அவர்களுடைய உதடுகளைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பாள். அந்த அசைவால் ஏதோ காரியம் நடக்கிறது என்பது மட்டும் அவளுக்குப் புரியும். தானும் உதடுகளை அசைப்பாள். கைகளை வேகமாக ஆட்டுவாள். பயன் ஒன்றும் இராது. உடனே கோபம் பொங்கிவரும். களைத்துப்போகும்வரை காலை உதைத்துக் கத்துவாள்.

அவள்தான் ஹெலன் கெல்லர். பிற்காலத்தில் பட்டம் பெற்று, நூல்கள் எழுதி, உலகம் முழுவதும் அறியப்பட்டவர். ஆயினும், இங்கு நாம் காணப்போவது ஏழு வயதுகூட நிரம்பாத ஹெலனை. 1880ஆம் ஆண்டு ஜூன் 27ஆம் நாள் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், டஸ்கம்பியா என்னும் ஊரில் அவள் பிறந்தாள். பத்தொன்பது மாதக் குழந்தையாக இருந்தபோது வந்த கடும் நோய், பார்வையையும் கேட்கும் திறனையும் ஒருசேரப் பறித்துவிட்டது. அதற்குள் அவள் மழலை பேசத் தொடங்கியிருந்தாள். அந்த மழலையில் தண்ணீரைக் குறித்த 'வா வா' என்னும் ஒலி மட்டும் நோய்க்குப் பின்னும் எப்படியோ தங்கியிருந்தது.

பேச்சு இல்லாவிட்டாலும் ஹெலன் சும்மா இருக்கவில்லை. தலையை இருபுறமும் ஆட்டினால் 'வேண்டாம்'. மேலும் கீழும் அசைத்தால் 'ஆம்'. ஒருவரைப் பிடித்து இழுத்தால் 'வா', தள்ளினால் 'போ'. ரொட்டி வேண்டுமென்றால், அதைத் துண்டு போட்டு வெண்ணெய் தடவுவதுபோல் செய்து காட்டுவாள். ஐஸ்கிரீம் வேண்டுமென்றால், அதைச் செய்யும் இயந்திரத்தைச் சுற்றுவதுபோல் கையைச் சுழற்றிவிட்டு, குளிரில் நடுங்கிக் காட்டுவாள். கெட்டிக்காரப் பெண்தான்! வேண்டிய பொருளைக் கேட்டுப் பெற இவை போதும். நேற்று நடந்ததைச் சொல்ல, 'ஏன்' என்று கேட்க, 'எனக்கு வருத்தமாக இருக்கிறது' என்று தெரிவிக்க எந்தச் சைகையைக் காட்டுவது? அந்த இடத்தில்தான் கோபம் வந்தது.

1887ஆம் ஆண்டு மார்ச் 3ஆம் நாள் ஆன் சல்லிவன் என்னும் ஆசிரியை அவ்வீட்டிற்கு வந்தார். அப்போது அவருக்கு வயது இருபது. அவரும் சிறுவயதில் பார்வையைப் பெரும்பாலும் இழந்து, அறுவை சிகிச்சைகளால் ஓரளவு மீளப் பெற்றவர். பாஸ்டன் நகரில் இருந்த பெர்க்கின்ஸ் பார்வையற்றோர் பள்ளியில் படித்தவர். அப்பள்ளிப் பிள்ளைகள் கொடுத்தனுப்பிய பொம்மை ஒன்றை ஹெலனிடம் தந்தார். பிறகு, 'பொம்மை' என்பதற்கான ஆங்கிலச் சொல்லை எழுத்தெழுத்தாக அவளுடைய உள்ளங்கையில் விரல்களால் உருவாக்கிக் காட்டினார். இதற்கு விரலெழுத்து முறை என்று பெயர். ஒவ்வோர் எழுத்துக்கும் விரல்களை வைக்கும் நிலை ஒன்று உண்டு.

ஹெலன் அதை உடனே திருப்பிச் செய்தாள். சில நாள்களில் ஊசி, தொப்பி, குவளை, உட்கார், நில் எனப் பல சொற்களை அவளுடைய விரல்கள் கற்றுக்கொண்டன. ஆனால், குவளை என்று எழுதினாலும் பால் என்று எழுதினாலும் குடிப்பதுபோலவே அவள் நடித்துக் காட்டினாள். குவளை எது, அதனுள் இருப்பது எது, குடித்தல் எது என்னும் வேறுபாடு அவளுக்கு விளங்கவில்லை. உலகில் உள்ள ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் உண்டு என்பதே அவளுக்கு இன்னும் தெரியாது. அவளைப் பொறுத்தவரை அது ஒரு விரல் விளையாட்டு.

நம் வகுப்பறைகளிலும் இவ்விளையாட்டு நடப்பதுண்டு. 'பருகு என்றால் குடி' என்று மனப்பாடம் செய்த மாணவர் ஒருவர், 'தாத்தா மாத்திரையைப் பருகினார்' என்று எழுதிவிடலாம். சொல்லும் தெரியும், பொருளும் தெரியும். பால் பருகுவோம், சோறு உண்போம், முறுக்குத் தின்போம், மாத்திரையை விழுங்குவோம் என்னும் பழக்கம்தான் இன்னும் கைக்கு வரவில்லை.

ஏப்ரல் 5ஆம் நாள் நடந்தது பலரும் அறிந்த நிகழ்ச்சி. சல்லிவன் ஹெலனைத் தண்ணீர் இறைக்கும் அடிகுழாய்க்கு அழைத்துச் சென்றார். அவளுடைய ஒரு கையின்மேல் தண்ணீர் கொட்டியது. மறு கையில் 'தண்ணீர்' என்னும் சொல்லை முதலில் மெதுவாகவும் பிறகு வேகமாகவும் அவர் எழுதினார். ஹெலன் அப்படியே அசையாமல் நின்றாள். தன் கையில் குளிர்ச்சியாக ஓடுவதன் பெயர்தான் இது என்று அவளுக்குச் சட்டென விளங்கிற்று. உடனே தரையைத் தொட்டு அதன் பெயரைக் கேட்டாள்; குழாயின் பெயரைக் கேட்டாள்; சல்லிவனின் பெயரையும் கேட்டாள். 'ஆசிரியர்' என்று பதில் வந்தது. சில மணி நேரத்திலேயே முப்பது புதிய சொற்களை அவள் கற்றுக்கொண்டதாகச் சல்லிவன் தம் கடிதத்தில் குறிப்பிட்டுள்ளார்.

அன்று நடந்த இன்னொன்று அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. எனக்கோ அதுவே பெரிதாகத் தோன்றுகிறது. குழாயடிக்குப் போவதற்கு முன், எரிச்சலில் தன் புதுப் பொம்மையைத் தரையில் எறிந்து உடைத்திருந்தாள் ஹெலன். அப்போது அவளுக்கு வருத்தமே எழவில்லை. வீட்டிற்குத் திரும்பியதும் அது நினைவுக்கு வந்தது. தடவித் தடவிச் சென்று உடைந்த துண்டுகளை எடுத்தாள், ஒட்டவைக்க முயன்றாள், முடியவில்லை. அவளுடைய கண்கள் கலங்கின. பெயர் இல்லாத ஒரு பொருளை உடைத்தபோது வராத வருத்தம், பெயருள்ள ஒன்றை உடைத்துவிட்டோம் என்று அறிந்தபோது வந்தது.

இதற்குப் பிறகு சல்லிவன் எடுத்த முடிவு துணிச்சலானது. குறிப்பிட்ட நேரத்தில் உட்காரவைத்துப் பாடம் நடத்துவதையே அவர் நிறுத்திவிட்டார். காரணம், பதினைந்து மாதக் குழந்தை ஒன்று! ஹெலனின் உறவுக்குழந்தையான அதனைச் சல்லிவன் கூர்ந்து கவனித்தார். மூக்கு எங்கே, வாய் எங்கே என்று கேட்டால் அது தொட்டுக் காட்டியது. பூவைக் கொடுத்து, 'அம்மாவிடம் கொடு' என்றால் கொண்டுபோய்க் கொடுத்தது. 'கதவைச் சாத்து' என்றால் சாத்தியது. இத்தனைக்கும் அச்சொற்களில் ஒன்றைக்கூட அது சொல்ல முயன்றதில்லை. குழந்தை முதலில் புரிந்துகொள்கிறது. பேச்சு பிறகு வருகிறது. எவரும் அதற்குச் சொற்பட்டியல் தருவதில்லை. முழு வாக்கியங்களில் அதனோடு பேசுகிறார்கள். ஆகவே, குழந்தையின் காதில் பேசுவதுபோல ஹெலனின் கையில் பேசுவது என்று சல்லிவன் தீர்மானித்தார். உண்ணும்போதும் உலாவும்போதும் முழு வாக்கியங்களையே எழுதினார். தெரியாத சொற்கள் கலந்திருந்தாலும், சைகையாலும் சூழலாலும் ஹெலன் பொருளைப் பிடித்துக்கொண்டாள்.

நம்மிடையே பல வீடுகளில் பாட்டி தமிழில் கேட்பார். பேரப்பிள்ளை ஆங்கிலத்திலோ மலாயிலோ பதில் சொல்லும். பாட்டி சொன்னது முழுவதும் அதற்குப் புரிந்திருக்கும். அப்பிள்ளைக்குத் தமிழ் தெரியாது என்று சொல்வது நியாயமன்று. புரிதல் என்னும் பாதி வழியை அது கடந்துவிட்டது. மீதி வழிக்குத் தேவை, தமிழில் பதில் சொல்லியே ஆகவேண்டிய சந்தர்ப்பம். பிழையாகச் சொன்னாலும் சிரிக்காமல் கேட்கும் ஒருவர். 'பாட்டி, நான் பசியாறிட்டேன்' என்று ஒரு நாள் சொன்னால், அகராதியில் 'பசி தணிதல்' என்று இருக்கும் சொல் நம் ஊரில் காலைச் சிற்றுண்டிக்கு வழங்குவதையும் அப்பிள்ளை சேர்த்தே கற்றுவிடும். நம் உணவகங்களில் 'என்ன தண்ணி வேணும்?' என்று கேட்டால் தேநீரா, காப்பியா, மைலோவா என்று பொருள். தமிழ்நாட்டிலிருந்து வந்த விருந்தினர் ஒருவர், தண்ணீரில் இத்தனை வகையா என்று விழிக்கக்கூடும்!

தண்ணீரைத் தொட்டுக் காட்டலாம். தொட முடியாதவற்றுக்கு என்ன செய்வது? ஒரு நாள் சல்லிவன், 'நான் ஹெலனை நேசிக்கிறேன்' என்று ஹெலனின் கையில் எழுதினார். நேசம் என்றால் பூவின் மணமா என்று ஹெலன் கேட்டாள். இல்லை. வெயிலின் இதமா? அதுவும் இல்லை. ஆசிரியர் ஏன் அதைக் காட்ட மறுக்கிறார் என்று அவளுக்கு ஏமாற்றமாக இருந்தது.

ஓரிரு நாள் கழித்து ஹெலன் மணி கோத்துக்கொண்டிருந்தாள். இரண்டு பெரிய மணி, மூன்று சிறிய மணி என்பது கணக்கு. கணக்குத் தவறிக்கொண்டே இருந்தது. அடுத்து என்ன கோக்க வேண்டும் என்று அவள் மனத்தைச் செலுத்தி நின்ற அந்தக் கணத்தில், சல்லிவன் அவளுடைய நெற்றியைத் தொட்டு 'சிந்தனை செய்' என்று எழுதினார். தன் தலைக்குள் அப்போது நடந்துகொண்டிருந்ததன் பெயர் அது என்று ஹெலன் கண்டுகொண்டாள்.

மணிகளை மடியில் போட்டுவிட்டு, அப்படியென்றால் நேசம் என்பது என்னவாக இருக்கும் என்று நெடுநேரம் எண்ணிக்கொண்டிருந்தாள். அன்று முழுவதும் வானம் மூடியிருந்தது. இடையிடையே சிறு மழையும் பெய்தது. சல்லிவன் அந்த மேகத்தையே எடுத்துக்காட்டாக்கினார். மேகத்தை உன்னால் தொட முடியாது. ஆனால், அது பொழியும் மழையை உணர்கிறாய். வெயிலில் வாடிய பூக்களும் நிலமும் அந்த மழைக்கு மகிழ்வதை அறிவாய். நேசமும் அவ்வாறே என்று அவள் கையில் எழுதினார்.