முதலில் கதவு, பிறகு தெரபிஸ்ட்

தங்கச்சி, மனசு பாரமாக இருக்கிறது, ஆன்லைனில் யாரிடமாவது பேசலாமா என்று கேட்டாய். எல்லாரும் முதலில் கட்டணத்தைப் பார்ப்பார்கள், அப்புறம் எத்தனை நட்சத்திரம் என்று பார்ப்பார்கள். நீ முதலில் உட்கார்ந்து பேச ஓர் இடம் பார். மூவறை வீவக வீட்டில், மாமியார் ஹாலில் சீரியல் பார்க்க, பிள்ளை கட்டிலில் ஹோம்வொர்க்கைப் பரப்பி வைத்திருக்க, முக்கால் மணி நேரம் மனதைத் திறந்து பேச முடியுமா? பக்கத்து அறைக்குக் கேட்டுவிடுமோ என்று குரலைத் தாழ்த்தினால், சொல்ல வந்ததில் பாதி தொண்டையிலேயே நின்றுவிடும். "ஆன்லைன்ல பேசினேன், ஒண்ணும் பிரயோஜனமில்லை" என்கிறவர்களிடம் எங்கே உட்கார்ந்து பேசினாய் என்று கேட்டுப் பார்.

காத்தோங்வாசிக்கு ஈஸ்ட் கோஸ்ட் பார்க் இருக்கிறது. வார நாள் காலையில் கடலைப் பார்த்த பெஞ்சுகள் காலியாகவே கிடக்கும். மைக் வைத்த இயர்போன் போதும். மழை நாளுக்கு, நிறுத்தி வைத்த கார், அல்லது மதிய இடைவேளையில் அலுவலகத்தின் சின்ன மீட்டிங் ரூம். ஜூ சியாட் பக்கத்துக் கோப்பிக்கடை மட்டும் வேண்டாம்; அங்கே தெரிந்த முகம் ஒன்று கட்டாயம் வரும். வீட்டை விட்டால் வேறு வழியில்லை என்றால் எழுத்தில் உரையாடும் சேவையைத் தேர்ந்தெடு. நீ சொல்வது யாருக்கும் கேட்காது.

திரையில் பேசினால் குணமாகுமா என்ற சந்தேகம் நியாயமானது. மிதமான மனச்சோர்வுக்கு, எண்ணத்தையும் நடத்தையையும் சீர்செய்யும் சிபிடி முறையை இணையம் வழியாகக் கொடுத்து நிறைய ஆய்வுகள் செய்திருக்கிறார்கள். நேரில் உட்கார்ந்து பெறும் சிகிச்சைக்கு அது பெரிதாகக் குறைந்துபோகவில்லை. ஆனால் ஒரு நிபந்தனை: மறுமுனையில் பயிற்சி பெற்ற மனிதர் ஒருவர் உன்னைத் தொடர்ந்து கவனிக்க வேண்டும். செயலியைப் போனில் இறக்கிவிட்டுத் தானாகச் செய்து முடிப்பவர்களுக்குப் பலன் குறைவு, பாதியில் விடுபவர்களும் அதிகம். சாட்பாட் நடுராத்திரியில் பேச்சுத்துணைக்கு ஆகும். அதை வைத்தியர் என்று எண்ணிவிடாதே.

பணம் கொடுத்துப் பதிவு செய்வதற்கு முன் மரீன் பரேட் பலதுறை மருந்தகத்துக்கு ஒரு நடை போய்வா. காரணம் இருக்கிறது. தைராய்டு குறைந்தாலும் இரத்தச்சோகை இருந்தாலும் இதே மாதிரிதான் சோர்வும் தூக்கக் குழப்பமும் வரும். ஓர் இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். மனநலக் கழகத்துக்கோ அரசு மருத்துவமனைக்கோ போக வேண்டியிருந்தால் பலதுறை மருந்தகம் எழுதித் தரும் பரிந்துரையோடு போனால் மானியக் கட்டணம் கிடைக்கும். கடுமையான மனச்சோர்வு நாட்பட்ட நோய்களுக்கான திட்டத்தில் இருப்பதால் டாக்டர் செலவுக்கும் மருந்துக்கும் மெடிசேவ் பயன்படுத்தலாம். ஒரு பங்கை மட்டும் கையிலிருந்து கட்ட வேண்டும். தனியார் ஆலோசகரின் ஆன்லைன் கட்டணத்துக்குப் பொதுவாக மெடிசேவ் செல்லாது. ஓர் அமர்வே நூறு வெள்ளியைத் தாண்டும் இடங்கள் உண்டு, கணக்குப் பார்த்துக்கொள். உன் கம்பெனி இலவச ஆலோசனை தருகிறதா என்று மனிதவளத் துறையைக் கேள். கூடவே, நீ பேசுவதில் எது முதலாளியின் காதுக்குப் போகும் என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்கு.

மொழி விஷயத்தில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. அலுவலகத்தில் நன்றாக ஆங்கிலம் பேசுகிறோம் என்பதற்காக ஆங்கில ஆலோசகரையே பிடிக்காதே. அம்மாவோடு போட்ட சண்டையைச் சொல்லும்போது அம்மா திட்டிய அதே வார்த்தைகளில் சொன்னால்தான் கேட்பவருக்கு உறைக்கும். தமிழ் ஆலோசகர் இங்கே கிடைப்பது சிரமம் என்றால் சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ இருப்பவரைத் திரையில் பிடிக்கலாம், கட்டணமும் குறையும். நேரத்தைப் பார்த்துக்கொள்: அவர்கள் நம்மைவிட இரண்டரை மணி நேரம் பின்னால். நமக்கு இரவு ஒன்பதரை என்றால் அவர்களுக்கு ஏழு. ஆனால் அங்கிருப்பவர் எழுதித் தரும் மருந்துச் சீட்டை நம்பி இருக்காதே. மாத்திரைக்கு இங்கே ஒரு டாக்டர் வேண்டும். ஆபத்து என்றால் ஆம்புலன்ஸை உன் வீட்டுக்கு அனுப்பவும் அவரால் முடியாது. அதனால் முதல் நாளே உன் முகவரியையும் இங்குள்ள ஒருவரின் தொலைபேசி எண்ணையும் அவரிடம் கொடுத்து வை.

இணையத்தில் யார் வேண்டுமானாலும் தெரபிஸ்ட் என்று போட்டுக்கொள்ளலாம். என்ன படித்தார், எந்தச் சங்கத்தின் பதிவேட்டில் இருக்கிறார் என்று கேட்கக் கூச்சப்படாதே. சிங்கப்பூர் உளவியல் சங்கமும் சிங்கப்பூர் ஆலோசகர் சங்கமும் பதிவேடு வைத்திருக்கின்றன. மருந்து எழுதுகிறவர் மருத்துவ மன்றத்தில் பதிவானவரா என்று பார். அடுத்தது ரகசியம். 2023இல் அமெரிக்காவில் பெட்டர்ஹெல்ப் என்ற பெரிய ஆன்லைன் தெரபி நிறுவனம், வாடிக்கையாளர்களின் விவரங்களை விளம்பரத்துக்காக ஃபேஸ்புக் போன்றவற்றோடு பகிர்ந்துகொண்டதாக அரசு வர்த்தக ஆணையம் பிடித்து, 78 லட்சம் டாலர் கட்ட வைத்தது. பெயரும் பிறந்த தேதியும் கேட்பதற்கு முன்பே நூறு கேள்வி கேட்கும் செயலியாக இருந்தால் எச்சரிக்கையாக இரு.

முதல் அமர்வுக்கு முன் போனில் நாலு வரி குறித்து வைத்துக்கொள்: எத்தனை வாரமாக, தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி, எந்த வேலையை விட்டுவிட்டாய். அங்கே போய் அழகாகப் பேச வேண்டியதில்லை. "காலையில எழுந்திரிக்கவே மனசில்ல, நெஞ்சுக்குள்ள கல்லு வச்ச மாதிரி இருக்கு" என்று நம்மிடம் சொல்கிற மாதிரியே சொல். பிஎச்க்யூ-9 என்ற ஒன்பது கேள்விப் படிவம் தருவார்கள். 27க்கு 10 வந்தால் கவனிக்க வேண்டிய நிலை. நாலைந்து அமர்வு கழித்து அதே படிவத்தை மறுபடி போடச் சொல். மதிப்பெண் இறங்கவில்லை என்றால் முறையை மாற்றச் சொல், ஆளையும் மாற்றலாம். "வேறு ஒருவரைப் பார்க்கப் போகிறேன், நன்றி" என்று ஒரு வரிச் செய்தி போதும். அவர்கள் தொழிலில் இது சகஜம். மாத்திரை கொடுத்தால் வேலை காட்டச் சில வாரங்கள் ஆகும். தெளிவாக இருக்கிறது என்று நீயாகவே நிறுத்தாதே.

வீட்டில் சொல்வாயா, மாட்டாயா என்பது உன் இஷ்டம். யாராவது ஒருவருக்காவது தெரிந்திருப்பது நல்லது என்பேன். சிலோன் ரோடு செண்பக விநாயகருக்கு அர்ச்சனை செய், எல்லாம் சரியாகும் என்று அத்தை சொன்னால் மறுக்காதே. அர்ச்சனையும் செய், அமர்வுக்கும் போ. வேலை போய்விடும் என்று பயமுறுத்துகிறவர்களிடம், 2025 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய பணியிட நியாயச் சட்டத்தில் மனநலக் காரணத்துக்காகப் பாகுபாடு காட்டுவதற்கும் தடை இருக்கிறது என்று சொல்; அது நடைமுறைக்கு வந்துவிட்டதா என்று மட்டும் பார்த்துக்கொள்.

உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் தலைகாட்டினால் அடுத்த வார அப்பாயிண்ட்மெண்டுக்குக் காத்திருக்காதே. போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்ற பழைய பயமும் வேண்டாம்; 2020 ஜனவரி 1 முதல் தற்கொலை முயற்சி இங்கே குற்றமல்ல. சமாரிட்டன்ஸ் எண் 1767, தேசிய மனநல உதவி எண் 1771, மனநலக் கழகம் 6389 2222: மூன்றும் 24 மணி நேரமும் இயங்குபவை. உயிருக்கு ஆபத்து என்றால் 995. இந்த நான்கையும் இப்போதே போனில் போட்டு வை.