சாவியைத் திருப்பியதும் கேட்கும் சத்தம் – சரக்கு வண்டி வைத்திருக்கும் வணிகர்களுக்கு

கடைக்குத் தராசு எப்படியோ, சரக்கு வண்டியும் இன்று அப்படியே ஆகிவிட்டது. 2005-ஆம் ஆண்டு டாட்டா ஏஸ் வந்த பிறகு சிற்றூர்க் கடைக்காரர்கள் பலரும் சொந்த வண்டியிலேயே கொள்முதலுக்குப் போகத் தொடங்கினார்கள். சுந்தரபாண்டியபுரத்திலிருந்து விடியுமுன் பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தைக்குப் புறப்படும் வேளையில் வண்டி கிளம்ப மறுத்தால், நல்ல சரக்கு வேறு கைக்குப் போய்விடும். அதைவிடப் பெரிய நஷ்டம், பழுது இன்னதென்று தெரியாமல் நல்ல பாகத்தைக் கழற்றிவிட்டுப் புதிதுக்குப் பணம் கொடுப்பது. வண்டி எழுப்பும் சத்தத்தைக் கவனித்தால் இந்த வீண் செலவைப் பெரும்பாலும் தவிர்க்கலாம்.

செல்ஃப் வேலை செய்யும் விதம்

சாவியைத் திருப்பியதும் சொலினாய்டு என்னும் மின்காந்த சுவிட்ச் இழுத்துக்கொள்கிறது. அது செல்ஃப் மோட்டாரின் சிறிய பல்சக்கரத்தை முன்னே தள்ளி எஞ்சினின் ஃப்ளைவீல் பற்களோடு சேர்க்கிறது. கூடவே பேட்டரி மின்சாரத்தை மோட்டாருக்குத் திறந்துவிடுகிறது. இந்தப் பல்சக்கரப் பகுதியைத்தான் மெக்கானிக்குகள் பெண்டிக்ஸ் என்கிறார்கள்.

சாதாரண ஹெட்லைட் பல்பு ஒன்றுக்குச் சுமார் 5 ஆம்பியர் போதும். செல்ஃப் மோட்டாரோ 100 ஆம்பியருக்கு மேல் கேட்கும். ஆகவே ஹாரன் அடிக்கிறது, லைட் எரிகிறது என்பதால் பேட்டரி நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டக்கூடாது. கல்லாவில் சில்லறை இருப்பதால் மூட்டைக் கொள்முதலுக்குப் பணம் இருக்கிறது என்று ஆகுமா?

சத்தமும் காரணமும்

1. 'டக்டக்டக்' என்று விடாமல் அடித்தால்: பேட்டரியில் சார்ஜ் இல்லை, அல்லது அதன் முனைகள் தளர்ந்தோ பூத்தோ இருக்கின்றன. சொலினாய்டு இழுக்கிறது, மின்னழுத்தம் சரிகிறது, பிடி விடுகிறது, மறுபடி இழுக்கிறது. அதுதான் இந்தச் சத்தம்.

2. 'டக்' என்று ஒரே ஒரு முறை கேட்டால்: வண்டியின் உள்விளக்கைப் போட்டுக்கொண்டு சாவியைத் திருப்புங்கள். விளக்கு மங்கினால் பேட்டரியையும் முனைகளையும் பாருங்கள். மங்காமல் எரிந்தால் மின்சாரம் மோட்டாருக்குள் போகவில்லை. சொலினாய்டின் தொடுமுனையோ கார்பன் பிரஷ்ஷோ தேய்ந்திருக்கலாம். பல சமயம் இதற்கு முழு மோட்டாரையும் மாற்ற வேண்டியதில்லை. தேய்ந்ததை மட்டும் மாற்றினாலே போதும்.

3. 'விர்ர்' என்று மோட்டார் சுற்றி, எஞ்சின் அசையாவிட்டால்: பெண்டிக்ஸ் கோர்க்கவில்லை.

4. 'கர்ர்' என்று இரும்பு உரசினால்: பற்கள் தேய்ந்துள்ளன, அல்லது செல்ஃப் மோட்டாரின் போல்ட் தளர்ந்துள்ளது. மேலும் மேலும் முயலாதீர்கள். ஃப்ளைவீல் பற்களும் போய்விட்டால் கியர்பாக்ஸை இறக்க வேண்டிவரும். செலவு பல மடங்காகும். எஞ்சின் ஓடும்போதே மறுபடி சாவியைத் திருப்பினாலும் இதே உரசல் கேட்கும்.

5. கிளம்பியதும் 'கீச்' என்று கத்தினால்: ஃபேன் பெல்ட். குற்றாலம் சீசனில், ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, சாரலில் நனைந்த பெல்ட் சில விநாடிகள் கத்தி அடங்குவது உண்டு. அடங்காவிட்டால் பெல்ட்டை இறுக்கவோ மாற்றவோ வேண்டும். பெல்ட் வழுக்கினால் ஆல்டர்னேட்டர் சரியாகச் சுற்றாது. பேட்டரிக்குச் சார்ஜ் ஏறாது. இன்று கீச்சென்ற வண்டி சில நாளில் 'டக்டக்டக்' என்று நிற்கும்.

6. கிளம்பிய எஞ்சினுக்குள் தட்டும் சத்தம் கேட்டால்: குளிர்ந்த டீசல் எஞ்சின் சிறிது தட்டுவது இயல்பே. ஆனால் ஆயில் விளக்கும் அணையாமல் எரிந்தால் உடனே எஞ்சினை நிறுத்தி ஆயில் அளவைப் பாருங்கள்.

நாமே செய்யக்கூடியவை

பேட்டரி முனையில் பூத்த வெள்ளை, பச்சைப் படிவத்தை நீக்கும் மருந்து நம் கடையிலேயே இருக்கிறது: ஆப்ப சோடா. எஞ்சினை நிறுத்தி, மைனஸ் வயரை முதலில் கழற்றுங்கள், பிறகு பிளஸ். வெந்நீரில் கரைத்த சோடாவைத் தொட்டுப் பழைய பிரஷ்ஷால் தேய்த்துத் துடையுங்கள். அந்தத் தண்ணீர் பேட்டரிக்குள் இறங்கக்கூடாது. மாட்டும்போது பிளஸ் முதலில், மைனஸ் கடைசியில். நன்றாக இறுக்கி வாசலின் தடவுங்கள். பேட்டரியிலிருந்து எளிதில் தீப்பற்றும் வாயு வரும். அருகில் பீடி, தீக்குச்சி கூடாது.

ஒரு சிறிய வோல்ட் மீட்டர் வாங்கி வைப்பது நல்லது. இரவு முழுவதும் நின்ற வண்டியில் 12.6 வோல்ட் காட்டினால் 12 வோல்ட் பேட்டரி நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் ஏறக்குறையப் பாதி. எஞ்சின் ஓடும்போது சுமார் 13.8 முதல் 14.4 வரை காட்ட வேண்டும். ஏறாமல் 12-லேயே நின்றால் பழுது சார்ஜ் ஏற்றும் பக்கம் இருக்கிறது. அதைச் சரி செய்யாமல் புதுப் பேட்டரி வாங்கினால் அதுவும் இறங்கிப்போகும்.

செல்ஃபை ஒரு மூச்சில் 10 விநாடிக்கு மேல் அடிக்காதீர்கள். ஒரு நிமிடமாவது ஆறவிட்டு மறுபடி முயலுங்கள்.

மெக்கானிக்கிடம் போகும்போது "வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை" என்று மட்டும் சொல்லாமல், என்ன சத்தம், விளக்கு மங்கியதா, எஞ்சின் சூடாக இருந்ததா என்ற மூன்றையும் சொல்லுங்கள். மாற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். முதலில் முனை, அடுத்து பேட்டரி, அதன் பிறகே செல்ஃப் மோட்டார். இந்த வரிசையை மறவாதிருந்தால் கொள்முதலும் தவறாது, கைக்காசும் வீணாகாது.