மூட்டுக்கு அசைவே மருந்து

நுழையும் முன்

பணியின் பொருட்டுத் தில்லி, மும்பை, அகமதாபாத் போன்ற நகரங்களில் குடியேறிய தமிழர் இல்லங்களுக்கு ஊரிலிருந்து தாத்தாவும் பாட்டியும் வந்து தங்குவது வழக்கம். அவர்களுள் சிலர் படியேறும்போது கைப்பிடியை இறுகப் பற்றுவதையும், தரையில் அமர்ந்து எழத் துன்புறுவதையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். அத்துன்பம் ஏன் உண்டாகிறது? அதனைத் தணிக்க வழி உண்டா? வீட்டிலுள்ள சிறுவர் அதில் என்ன உதவி செய்யலாம்? இப்பாடம் இவ்வினாக்களுக்கு விடை கூறுகிறது.

மூட்டின் அமைப்பு

இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட எலும்புகள் கூடும் இடம் மூட்டு எனப்படும். முழங்கால் மூட்டில் தொடை எலும்பும் கீழ்க்கால் எலும்பும் கூடுகின்றன. முன்புறத்தில் முழங்காற்சில்லு அமைந்துள்ளது. எலும்புகளின் முனைகளை வழவழப்பான குருத்தெலும்பு மூடியிருக்கிறது. மூட்டினுள் உள்ள வழுவழுப்பான நீர், எலும்புகள் உராயாமல் காக்கிறது.

குருத்தெலும்பில் இரத்தக் குழாய்கள் இல்லை. அது தனக்கு வேண்டிய ஊட்டத்தை மூட்டு நீரிலிருந்தே பெரிதும் பெறுகிறது. நீரில் ஊறிய பஞ்சினை அழுத்தினால் நீர் வெளியேறும். கையை எடுத்தால் பஞ்சு மீண்டும் நீரை உறிஞ்சும். நாம் நடக்கும்போது குருத்தெலும்பும் அவ்வாறே அழுந்தி, பின் விரிந்து, ஊட்டம் பெறுகிறது. எனவே மூட்டுக்கு அசைவு என்பது உணவு போன்றது.

மூட்டுவாதம்

மூட்டுகளில் வலி, வீக்கம், இறுக்கம் ஆகியவற்றை உண்டாக்கும் நோய்களைப் பொதுவாக மூட்டுவாதம் என்பர். இதில் 100-க்கும் மேற்பட்ட வகைகள் உள்ளன. குருத்தெலும்பு சிதைந்து மெலிவதால் வருவது மூட்டுத் தேய்மானம். உடலைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்பு ஆற்றல், தவறுதலாகத் தன் மூட்டுகளையே தாக்குவதால் வருவது முடக்குவாதம். இரத்தத்தில் யூரிக் அமிலம் மிகுந்து மூட்டில் படிகமாகத் தங்குவதால் வருவது கவுட் எனப்படும் வாதம்.

இவற்றுள் மூட்டுத் தேய்மானமே மிகுதியாகக் காணப்படுகிறது. 2019-ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 52.8 கோடி மக்கள் இந்நோயுடன் வாழ்ந்தனர் என உலக நலவாழ்வு அமைப்பு தெரிவிக்கிறது. முதுமை, மரபு, பழைய காயம், மிகுந்த உடல் எடை ஆகியன இதற்குக் காரணங்கள். மூட்டுவாதம் முதியோர்க்கு மட்டுமே உரியதன்று. 16 வயது நிரம்பாத சிறுவர்க்கு வரும் வகையும் உண்டு.

ஓய்வு எப்போது தீங்காகிறது?

வலி வந்தவுடன் பலர், “இனி நடக்கக் கூடாது, படுத்தே இருக்க வேண்டும்” என எண்ணுகின்றனர். வீட்டினரும் அன்பின் மிகுதியால், “நீங்கள் எழ வேண்டா, தண்ணீரை நாங்களே கொண்டு வருகிறோம்” என்கின்றனர். வீக்கம் மிகுந்த நாளில் சிறிது ஓய்வு தேவைதான். ஆனால் மாதக்கணக்கில் அசையாதிருந்தால் தொடைத் தசைகள் மெலிகின்றன. முழங்காலைத் தாங்கிப் பிடிப்பவை அத்தசைகளே. அவை மெலிந்தால் சுமை முழுவதும் மூட்டின்மீது இறங்குகிறது. வலி மேலும் கூடுகிறது. வலி கூடினால் நடை மேலும் குறைகிறது. இவ்வாறு ஒன்றை ஒன்று வளர்க்கும் சுழலில் முதியவர் அகப்படுகிறார்.

இதனால் இழப்பது நடையை மட்டுமன்று. மாடியிலிருந்து இறங்க இயலாத பாட்டி, காய்கறிக் கடைக்கும் கோயிலுக்கும் செல்வதை நிறுத்துகிறார். பேச்சுத்துணைக்கு ஒருவரைத் தேடிச் செல்லும் வாய்ப்பும் மறைகிறது. பிறமொழி வழங்கும் நகரில் அவருக்கு அத்தனிமை மேலும் பெரிதாகத் தோன்றும்.

இயன்முறை மருத்துவம்

உடற்பயிற்சி, வெப்பம், குளிர்ச்சி முதலியவற்றால் உடலின் இயக்கத்தை மீட்டுத் தரும் துறை இயன்முறை மருத்துவம். இதனைப் பிசியோதெரபி எனவும் வழங்குவர். ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர் 8-ஆம் நாள் உலக இயன்முறை மருத்துவ நாளாகக் கொண்டாடப்படுகிறது. மூட்டின் நிலையைச் சோதித்து, ஒவ்வொருவருக்கும் ஏற்ற பயிற்சியையும் அதன் அளவையும் இயன்முறை மருத்துவர் வகுத்துத் தருவார். முழங்கால் தேய்மானத்துக்கு அவர் பொதுவாகக் கற்பிக்கும் பயிற்சிகள் மூன்று:

1. காலை நீட்டி அமர்ந்து, சுருட்டிய துண்டினை முழங்காலின் கீழ் வைத்தல். துண்டினை முழங்காலால் கீழ்நோக்கி அழுத்தி, 5 நொடிகள் நிறுத்தித் தளர்த்துதல்.
2. மல்லாந்து படுத்து ஒரு காலை மடக்கி வைத்தல். மற்றக் காலை மடக்காமல் ஓரடி உயரம் தூக்கி, மெல்ல இறக்குதல்.
3. உறுதியான நாற்காலியில் அமர்ந்து மெல்ல எழுதல். மீண்டும் மெல்ல அமர்தல்.

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது பயிற்சிக்கும் பொருந்தும். பயிற்சியின்போது சிறிது வலி தோன்றலாம். அவ்வலி இரண்டு மணி நேரத்துக்கு மேலும் நீடித்தால், மறுநாள் பயிற்சியின் அளவைக் குறைக்க வேண்டும். மூட்டு திடீரெனச் சிவந்து, சூடேறி, வீங்கினாலோ, உடன் காய்ச்சல் வந்தாலோ பயிற்சியை நிறுத்தி உடனே மருத்துவரை நாட வேண்டும். கடையில் தாமே வலி மாத்திரை வாங்கி நெடுநாள் உண்பது வயிற்றுக்கும் சிறுநீரகத்துக்கும் கேடு தரும்.

வாழ்க்கை முறை மாற்றங்கள்

உடல் எடையில் ஒரு கிலோ குறைந்தால், நடக்கும் ஒவ்வோர் அடியிலும் முழங்காலின் மீது விழும் சுமை ஏறத்தாழ நான்கு கிலோ குறைகிறது. ஒரு நாளில் நாம் வைக்கும் அடிகளை எண்ணிப் பார்த்தால் இதன் பயன் விளங்கும். திருக்குறளில் ‘மருந்து’ என்னும் அதிகாரம் அளவறிந்து உண்பதையே பெரிதும் வலியுறுத்துவது இங்கு நினைக்கத்தக்கது.

முழங்கால் வலி உள்ளோர் தரையில் சம்மணமிட்டு நெடுநேரம் அமர்வதையும், குந்தி அமர்வதையும் குறைத்தல் நலம். உயரமான நாற்காலியும், குளியலறையில் கைப்பிடியும் அவர்களுக்கு உதவும். ஊன்றுகோலை வலியுள்ள காலின் பக்கத்தில் பிடிப்பதே பலரின் வழக்கம். அது பொருந்தாது, வலியில்லாத பக்கத்துக் கையில் பிடித்தால்தான் வலியுள்ள மூட்டின் சுமை குறையும். இறுக்கத்துக்கு வெந்நீர் ஒத்தடமும், வீக்கத்துக்குக் குளிர் ஒத்தடமும் இதம் தரும். வடநாட்டுக் குளிர்காலத்தில் மூட்டின் இறுக்கம் கூடுவதாகப் பலர் உணர்கின்றனர். அப்போது நடையை அறவே விடாமல், வெயில் ஏறிய பின் நடக்கலாம்.

நோயோடு வாழ்ந்த ஓவியர்

பிரான்சு நாட்டின் புகழ்பெற்ற ஓவியர் ரெனுவார் (1841–1919) ஏறத்தாழ 50 வயதில் முடக்குவாதத்துக்கு ஆளானார். விரல்கள் மடங்கின; பின்னாளில் சக்கர நாற்காலியே அவருடைய இருப்பிடமாயிற்று. இக்காலத்து மருந்துகள் பல அன்று இல்லை. இருப்பினும், கைகளின் இயக்கம் குன்றாதிருக்கச் சிறு பந்துகளை எறிந்து பிடிக்கும் பயிற்சியை அவர் மேற்கொண்டார். தூரிகையைப் பிறர் எடுத்துக் கையில் வைக்க வேண்டிய நிலையிலும், இறுதி நாள்வரை வரைந்தார். நோய் அவரை விட்டு நீங்கவில்லை. அவர் தம் பணியை விடவுமில்லை.

வலியைச் சொல்லும் மொழி

தமிழ் மட்டும் அறிந்த பாட்டி, தமிழ் அறியாத மருத்துவரிடம் தம் வலியை எவ்வாறு கூறுவார்? அங்கு நீங்களே பாலமாகிறீர்கள். தமிழில் வலியைக் குறிக்கப் பல சொற்கள் உள்ளன. ஊசியால் குத்துவது போன்றது குத்தல். எலும்பின் உள்ளே துளைப்பது போன்றது குடைச்சல். நெடுநேரம் நின்றபின் வருவது கடுப்பு. தசை சட்டென இறுகி நிற்பது பிடிப்பு. உணர்ச்சி குன்றுவது மரத்துப்போதல். இவை அனைத்தையும் ‘வலி’ என்னும் ஒரே சொல்லில் அடக்கி மொழிபெயர்த்தால், மருத்துவர் அறிய வேண்டிய செய்தி பாதி வழியிலேயே நின்றுவிடும்.

காலநேரமும் இன்றியமையாதது. காலையில் எழுந்தவுடன் தோன்றும் இறுக்கம், தேய்மானத்தில் பெரும்பாலும் அரைமணி நேரத்துக்குள் தளரும். முடக்குவாதத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேலும் நீடிப்பதுண்டு. ஆகவே, “எவ்வளவு நேரம் இருக்கிறது, பாட்டி?” எனக் கேட்டறிந்து கூறுவது நோயை இனங்காண உதவும்.

மூட்டுத் தேய்மானத்தை முற்றிலும் நீக்கும் மருந்து இன்னும் கண்டறியப்படவில்லை. எனினும் வலியைக் குறைக்கலாம், நடையைக் காக்கலாம். மாலையில் பாட்டியுடன் பத்து நிமிடம் நடப்பதும், அவர் பயிற்சி செய்யும்போது அருகிலிருந்து எண்ணுவதும் உங்களால் இயலும் உதவிகளே. அவருக்காகத் தண்ணீர் கொண்டுவரும் அன்பினும், அவர் எழுந்து சென்று தாமே எடுத்துக்கொள்ளத் துணை நிற்கும் அன்பு பெரிது.

சொற்பொருள்

குருத்தெலும்பு – எலும்பு முனையை மூடியிருக்கும் மென்மையான திசு
இயன்முறை – உடலின் இயக்கத்தை மீட்கும் முறை
ஒத்தடம் – வெப்பமோ குளிர்ச்சியோ படும்படி ஒற்றி எடுத்தல்
ஊன்றுகோல் – ஊன்றி நடக்க உதவும் தடி

பயிற்சி

அ. கோடிட்ட இடத்தை நிரப்புக.
1. குருத்தெலும்பு தனக்கு வேண்டிய ஊட்டத்தை ________ இலிருந்து பெறுகிறது.
2. ஊன்றுகோலை வலி ________ பக்கத்துக் கையில் பிடிக்க வேண்டும்.

ஆ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. நெடுநாள் அசையாதிருந்தால் முழங்கால் வலி ஏன் கூடுகிறது?
2. பயிற்சியின் அளவை எப்போது குறைக்க வேண்டும்?
3. ரெனுவார் கைகளின் இயக்கத்தைக் காக்க என்ன செய்தார்?

இ. சொந்தத் தொடரில் அமைத்து எழுதுக.
குத்தல், குடைச்சல், கடுப்பு, பிடிப்பு

ஈ. செயல்பாடு
உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ உள்ள முதியவர் ஒருவரிடம் உரையாடுக. வலி எங்கே, எப்போது, எவ்வளவு நேரம் இருக்கிறது எனக் கேட்டு, அவர் கூறிய தமிழ்ச் சொற்களை அப்படியே எழுதுக. பின்னர் அச்செய்தியை உங்கள் ஊரில் வழங்கும் மொழியில் மருத்துவரிடம் கூறுவதுபோல வகுப்பில் பேசிக் காட்டுக.