வீட்டுக் கோழிக்கு மூச்சிரைப்பு: கணவனும் மனைவியும் அறிய வேண்டியவை



நம் காவிரிப் பாசனப் பகுதியில் கோழி இல்லாத வீடு குறைவு. கொல்லையில் மேய்ந்து, களத்தில் சிந்திய நெல்லைப் பொறுக்கித் தின்று, பொழுது சாய்ந்ததும் தானே பஞ்சாரத்துக்கு வந்துவிடும். அதற்கென்று பெரிய தீனிச் செலவு கிடையாது. அது இடும் முட்டை பிள்ளைக்குச் சத்து. முட்டை விற்ற காசு வீட்டுக்காரியின் சிறுவாடு. பிள்ளைகளுக்கோ அது பேர் வைத்துக் கூப்பிடுகிற செல்லப் பிராணி. அந்தக் கோழி ஒரு நாள் காலையில் கழுத்தை நீட்டி, வாயைத் திறந்து, கர் கர் என்று மூச்சு வாங்கினால் என்ன செய்வது? அதுவே இந்தப் பாடம்.

முக்கியமான சேதியை முதலில் சொல்லிவிடுகிறோம். மூச்சிரைக்கும் கோழியை அப்போதே தனியாகப் பிரித்து வையுங்கள். அதை விற்காதீர்கள். அறுத்துச் சமைக்காதீர்கள். மற்றக் கோழிகளையும் வீட்டில் உள்ளவர்களையும் காப்பாற்ற முதல் வழி இதுதான்.

கோழி மூச்சு விடும் விதம்

கோழியின் மூச்சு நம் மூச்சைப் போன்றதல்ல. நுரையீரலோடு சேர்ந்து பல காற்றுப் பைகள் அதன் உடம்புக்குள் பரவியிருக்கின்றன. நமக்கு நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே மூச்சை இழுக்கும் தசை இருக்கிறது. கோழிக்கு அது இல்லை. நெஞ்செலும்பு அசைந்தால்தான் காற்று உள்ளே போகும், வெளியே வரும். ஆகவே பிள்ளைகள் ஆசையாக மார்போடு இறுக்கி அணைத்தால் கோழிக்கு மூச்சு முட்டும். நோயுள்ள கோழியானால் கையிலேயே உயிர் போனாலும் போகும்.

சித்திரை வெயிலில் கோழி வாயைத் திறந்து மூச்சு வாங்குவது நோயல்ல. நிழலில் விட்டுத் தண்ணீர் வைத்தால் சிறிது நேரத்தில் சரியாகிவிடும். நிழலிலும் இரவிலும் இரைப்பு நிற்காவிட்டால் அது நோய்.

என்னென்ன நோய்?

1. வெள்ளைக் கழிச்சல்: இதற்கு ராணிக்கேட் நோய் என்றும் பெயர். வடக்கே இமயமலைச் சாரலில் உள்ள ராணிக்கேட் என்னும் ஊரில் 1927-ம் ஆண்டு இது கண்டறியப்பட்டதால் அந்தப் பெயர் வந்தது. இதை உண்டாக்குவது வைரஸ் கிருமி. மூச்சிரைப்பு, தும்மல், வெள்ளையும் பச்சையுமான கழிச்சல், இறக்கை தொங்குதல், கழுத்து திருகிக்கொள்ளுதல் ஆகியவை அடையாளங்கள். தடுப்பு மருந்து போடாத கோழிகளில் வந்தால் பஞ்சாரமே காலியாகிவிடும். வந்த பிறகு இதைக் குணப்படுத்த மருந்து இல்லை.

2. மூக்குச் சளி நோய்: முகம் வீங்கும், கண் மூடிக்கொள்ளும், மூக்கில் நாற்றமுள்ள சளி ஒழுகும். இதை உண்டாக்குவது பாக்டீரியா கிருமி. கால்நடை டாக்டர் தரும் மருந்தால் குணமாகும். ஆனால் குணமான கோழியும் கிருமியைச் சுமந்து மற்றக் கோழிக்குக் கொடுக்கக் கூடும்.

3. நாள்பட்ட சளி: மழையிலும் பனியிலும் அதிகமாகும். இருமலும் கரகரப்பும் வாரக் கணக்கில் நீடிக்கும். முட்டை குறையும். தாய்க் கோழியிலிருந்து முட்டை வழியாகக் குஞ்சுக்கும் வரும்.

4. பூஞ்சணத்தால் வரும் நோய்: ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்து பூஞ்சணம் பிடித்த வைக்கோலையும் உமியையும் குஞ்சுக்குப் படுக்கையாகப் போட்டால், பூஞ்சணத் தூள் நுரையீரலில் போய்த் தங்கும். குஞ்சுகள் வாயைப் பிளந்து செத்து விழும். மருந்து தேடுவதைவிடக் காய்ந்த படுக்கை போடுவதே வழி.

இவற்றைப் பார்த்த மாத்திரத்தில் பிரித்துச் சொல்வது நமக்குக் கஷ்டம். கால்நடை மருந்தகத்தில் காட்டித்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒரு வீட்டில் நடக்கும் பேச்சு

கணவன்: அந்த முட்டைக் கோழி மூச்சு வாங்குது புள்ள. சாகறதுக்கு முன்னாடி அறுத்துட்டா கொழம்புக்காவது ஆகும். இல்லன்னா சந்தையில தள்ளிடலாம்.

மனைவி: வேணாங்க. அறுத்தா கத்தி, இறகு, குடலு எல்லாத்துலயும் நோய் ஒட்டிக்கும். கொல்லையில போடுற குடலை நாயும் காக்காயும் தெருவெல்லாம் இழுத்துக்கிட்டுப் போகும். சந்தையில வித்தா, வாங்குற வீட்டுக் கோழியெல்லாம் போயிடும். அவங்களும் நம்மள மாதிரி புள்ளகுட்டிக்காரங்கதானே?

கணவன்: ஒரு கோழிக்காக ஆஸ்பத்திரிக்கு அலையணுமா?

மனைவி: ஒரு கோழிக்காக இல்லீங்க. மிச்சம் நிக்கிற பத்துக் குஞ்சுக்காக. மாட்டுக்கு ஒண்ணுன்னா யோசிக்காம ஓடுறீங்க. இது என் சிறுவாட்டுப் பணம். போன வருஷம் புள்ளைக்கு நோட்டு வாங்கினது இந்த முட்டைக் காசுலதான்.

கணவன்: சரி, நீ சொல்றதும் நியாயந்தான். நான் டாக்டரப் பாத்துட்டு வர்றேன். நீ அதைத் தனியா வையி.

இந்த அம்மாள் சொன்னது சரி. வீட்டுக் கோழி பெண்கள் பாடு என்று ஆண்கள் ஒதுங்கிவிடக் கூடாது. இரண்டு பேரும் கூடி முடிவு எடுத்தால் நஷ்டம் குறையும்.

நோயுள்ள கோழியைப் பார்த்துக்கொள்ளும் முறை

● தனிப் பஞ்சாரத்தில், மற்றக் கோழிகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். ஈரக் காற்று படாமல் ஒரு பக்கம் சாக்கு கட்டலாம். நாலு பக்கமும் மூடிவிடாதீர்கள். எச்சத்தின் நெடி தேங்கினால் மூச்சு இன்னும் கெடும்.

● அடியில் காய்ந்த வைக்கோல் போட்டுத் தினமும் மாற்றுங்கள். பழையதை எரித்துவிடுங்கள்.

● குஞ்சுக்குக் கதகதப்பு வேண்டும். வெந்நீர் நிரப்பிய பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைக்கலாம். கரி நெருப்பு வேண்டாம்.

● சுத்தமான தண்ணீரும், நனைத்த நொய்யரிசியும் மூக்குக்கு எட்டும் உயரத்தில் வையுங்கள். தானாகத் தின்னட்டும்.

● மூக்கு அடைத்திருந்தால், இளஞ்சூடான உப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் மெதுவாகத் துடையுங்கள். அந்தத் துணியை எரித்துவிடுங்கள்.

● தினமும் நல்ல கோழிகளை முதலில் கவனியுங்கள், நோயுள்ளதைக் கடைசியில் கவனியுங்கள். பிறகு சோப்புப் போட்டுக் கை, கால் கழுவுங்கள்.

செய்யக் கூடாதவை

வாயைப் பிளந்து எண்ணெயோ கஷாயமோ ஊற்றாதீர்கள். மூச்சுக் குழாயின் வாய் நாக்குக்குப் பின்னாலேயே இருக்கிறது. ஊற்றியது நேரே நுரையீரலுக்குள் போய்விடும். சாம்பிராணி, வேப்பிலைப் புகை போடுவதும் வேண்டாம். புகையினால் கிருமி சாகாது. ஏற்கெனவே நொந்த நெஞ்சுதான் இன்னும் நோகும். நமக்கு வாங்கி மிச்சமான மாத்திரையைக் கோழிக்குக் கொடுக்காதீர்கள். டாக்டர் மருந்து கொடுத்தால், எத்தனை நாள் முட்டையையும் கறியையும் சாப்பிடக் கூடாது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கோழி இறந்துவிட்டால்

வாய்க்காலிலோ குளத்திலோ எறியாதீர்கள். வெண்ணாறும் வெட்டாறும் குடமுருட்டியும் ஓடுகிற நாடு இது. நம் ஊர் வாய்க்காலில் விட்டது அடுத்த ஊர்ப் படித்துறையில் போய் ஒதுங்கும். கிணற்றுக்குத் தூரமாக, நாய் தோண்ட முடியாத ஆழத்தில் குழி வெட்டி, மேலே சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள்.

வெறுங்கையால் தொடாதீர்கள். பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக்கொண்டு எடுத்து, பையையும் சேர்த்துப் புதையுங்கள். ஒரே சமயத்தில் பல கோழிகள் திடீரென்று செத்தால், எதையும் தொடாமல் கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லியனுப்புங்கள். 1962 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் சொல்லலாம். பறவைக் காய்ச்சலாகவும் இருக்கலாம்.

பிள்ளை அழும். மறைக்காதீர்கள், அதட்டாதீர்கள். ‘அதுக்கு நோவு வந்துச்சு, நம்மால முடிஞ்சதப் பாத்தோம்’ என்று உண்மையைச் சொல்லுங்கள். மிச்சக் கோழிகளுக்குத் தண்ணீர் வைக்கும் வேலையைப் பிள்ளையிடம் கொடுங்கள். கை கழுவுவதையும் சேர்த்துச் சொல்லிக் கொடுங்கள்.

வீட்டாருக்கு ஒரு வார்த்தை

வெள்ளைக் கழிச்சல் கிருமி மனிதருக்குப் பெரும்பாலும் கண் சிவப்பை மட்டும் உண்டாக்கும். அது சில நாளில் மாறிவிடும். ஆனால் நோயுற்ற கோழியைத் தொட்டவருக்குக் காய்ச்சலும் இருமலும் வந்தால், ஆரம்ப சுகாதார நிலையத்தில் கோழி விஷயத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். குழந்தைக்கு இருமல் இருந்தால், அழாமல் இருக்கும்போது ஒரு நிமிஷத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ணுங்கள். 2 மாதம் நிறையாத சிசுவுக்கு 60-ம் அதற்கு மேலும், 2 மாதம் முதல் 1 வயது வரை 50-ம் அதற்கு மேலும், 1 முதல் 5 வயது வரை 40-ம் அதற்கு மேலும் இருந்தால் தாமதிக்காமல் தூக்கிக்கொண்டு போங்கள்.

வருமுன் காப்போம்

வெள்ளைக் கழிச்சலுக்குத் தடுப்பு மருந்து உண்டு. குஞ்சு பொரித்த 7-ம் நாள் வாக்கில் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு, 8-வது வாரத்தில் ஊசி. அதன் பிறகு எப்போது போடுவது என்று டாக்டர் சொல்வார். நம் மாநிலத்தில் ராணிப்பேட்டையில் 1932 முதல் இருந்துவரும் நிலையம் கால்நடைகளுக்கும் கோழிகளுக்கும் தடுப்பு மருந்து தயாரித்து வருகிறது. கால்நடைத் துறையார் கோழிகளுக்குத் தடுப்பூசி முகாமும் நடத்துகிறார்கள். பெரும்பாலும் அது பிப்ரவரி மாதத்தில் வரும். கடினமான நோய் என்றால் ஒரத்தநாட்டில் 2012-ல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியும் நம் மாவட்டத்திலேயே இருக்கிறது.

தடுப்பு மருந்து நல்ல கோழிக்குத்தான் உதவும், நோய் வந்த கோழிக்கு உதவாது. அது ஐஸில் இருக்க வேண்டும். வெயிலில் வைத்தால் வீண். ஒரு சீசாவில் பல கோழிகளுக்குப் போதுமான மருந்து இருக்கும். கலந்தால் உடனே போட்டுவிட வேண்டும். ஆகவே தெருவே சேர்ந்து ஒரே நாளில் போடுவது நல்லது. நம் கோழி பக்கத்துக் கொல்லையில் மேய்கிறது, பக்கத்து வீட்டுக் கோழி நம் கொல்லையில் மேய்கிறது. ஒரு வீடு மட்டும் போட்டால் போதாது.

சந்தையில் வாங்கிய கோழியைப் பழைய கோழிகளோடு உடனே சேர்க்காதீர்கள். 15 நாளாவது தனியாக வைத்துப் பாருங்கள்.

நினைவில் வையுங்கள்

மூச்சிரைத்தால் உடனே பிரி.
விற்காதே, அறுக்காதே, வாய்க்காலில் எறியாதே.
நல்ல கோழிக்கு முன்கூட்டியே மருந்து.
தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவு.

இருவரும் கூடிக் கவனித்தால் கோழியும் நலம், குடும்பமும் நலம்!