முடிவு வந்தபின் மனக்கலக்கம்

கொழுந்து மலையில் நிற்கும் தாய்க்குச் செய்தி வருகிறது: "பப் பரிசோதனையில் ஏதோ மாற்றமாம், மறுபடி வரச் சொல்கிறார்கள்." அன்றிரவு லயத்தில் அவளுக்கு உறக்கம் ஏது? புற்றுநோய் என்றே மனம் முடிவு கட்டிவிடும்.

தாய்மாரே, அம்முடிவு சொல்வது என்ன? கருப்பைக் கழுத்தின் சில உயிரணுக்கள் மாறியிருக்கின்றன என்பதே. சிறு மாற்றங்களில் பெரும்பாலானவை தாமாகவே மறைந்துவிடும். மறையாதவையும் புற்றுநோயாக முற்றப் பொதுவாகப் பல ஆண்டுகள் எடுக்கும். அதற்குள் கண்டு குணப்படுத்தவே 1996இல் நம் நாட்டில் சுகவனிதையர் கிளினிக்குகள் தொடங்கப்பட்டன. ஆகவே, பயப்படுவது குற்றமன்று. பயந்து ஒளிந்திருப்பதுதான் ஆபத்து.

மருத்துவமாதுவிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். மாற்றம் சிறியதா, பெரியதா? அடுத்த பரிசோதனை எது? எந்தத் திகதியில்? விடைகளை எழுதி வாங்குங்கள். திகதி கையில் இருந்தால் கலக்கம் பாதி குறையும். ஒருநாள் பேர் போய்விடுமே என்று அத்தவணையைத் தவறவிடாதீர்கள்.

கணவன்மாருக்கும் ஒரு சொல். இம்மாற்றங்களுக்குப் பெரும்பாலும் காரணம் எச்.பி.வி. என்னும் வைரசு. தாம்பத்திய உறவால் தொற்றும் இது, மணமானோரில் பெரும்பாலோரை வாழ்நாளில் ஒருமுறையேனும் பற்றுவது. அறிகுறியின்றி ஆண்டுக்கணக்கில் உடலில் தங்கவும் கூடும். எனவே இம்முடிவு எவருடைய ஒழுக்கத்துக்கும் சாட்சியல்ல. வீட்டில் சந்தேகப் பேச்சு வேண்டாம். கிளினிக்குக்குத் துணையாகப் போங்கள்.

2017 முதல் ஆறாம் தரத்து மாணவியருக்கு இவ்வைரசுக்கெதிரான தடுப்பூசி பாடசாலையிலேயே ஏற்றப்படுகிறது. உங்கள் மகளுக்கும் அது கிடைத்ததா என்று பாருங்கள். தாயின் இன்றைய கலக்கம் மகளுக்கு நாளை வராதிருக்கட்டும்.